புகை குளிராக்குமா, சூடாக்குமா?

2022 டிசெம்பர் 8ஆம் திகதி மாண்டஸ் புயல் வங்கக்கடலில் நின்றபோது, யாழ்ப்பாணத்து வானம் நாள் முழுக்கச் சாம்பல் நிறமாக இருந்தது. பார்வைக்கு மார்கழிப் பனிமூட்டம் போலத்தான். ஆனால் காற்றுத் தரத்தை அளக்கும் கருவிகள் ஆரோக்கியத்துக்குக் கேடான அளவைக் காட்டின. அடுத்த நாள் நாடு முழுவதும் அரச பாடசாலைகளுக்கு விடுமுறை விட்டார்கள். அந்தக் குளிரிலும் காற்றிலும் வடக்கிலும் கிழக்கிலும் ஆடுமாடுகள் செத்து விழுந்தன. மூட்டத்தில் பெரும்பங்கு இந்தியப் பக்கமிருந்து காற்றோடு வந்தது.

அப்படி வரும் மூட்டம் ஒரு கலவை. வாகனப் புகை, தொழிற்சாலைப் புகை, விறகடுப்புப் புகை, வடஇந்தியாவில் நெல் அறுத்த பிறகு வயலிலேயே தாளைக் கொளுத்தும் புகை எல்லாம் அதில் சேரும். இந்தக் கட்டுரை அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறது: காடு, வயல், எண்ணெய்க் கிணறு, நகரம் என்று பெரும் பரப்பில் பற்றும் நெருப்பின் புகை. அது கண்ணையும் நெஞ்சையும் என்ன செய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும். வளிமண்டலத்தை என்ன செய்யும்?

இதற்குச் செய்திகளில் இரண்டு பதில்கள் வருகின்றன. காட்டுத்தீ பூமியைச் சூடாக்குகிறது என்று ஒன்று. புகை வெயிலை மறைப்பதால் பூமி குளிர்கிறது என்று இன்னொன்று. இரண்டும் சரி. எந்த இடத்தில் எது சரி என்பதைப் புகையின் நிறமும், அது ஏறும் உயரமும், நாம் எத்தனை காலத்துக்குக் கணக்குப் பார்க்கிறோம் என்பதும் முடிவு செய்கின்றன. என்னைக் கேட்டால் உயரத்துக்குத்தான் முதலிடம் கொடுப்பேன். ஆனால் நிறத்தைச் சொல்லாமல் உயரத்துக்குப் போக முடியாது.

கறுப்புப் புகை, வெள்ளைப் புகை

வளவுக்குள் நன்றாகக் காய்ந்த காவோலையைக் கொளுத்திப் பாருங்கள். சடசடவென்று சுவாலை எழும், புகை குறைவு, மேலே கரித்தூள் பறக்கும். மழையில் நனைந்த பொச்சுமட்டையைக் கொளுத்தினால் சுவாலையே வராது. மணிக்கணக்காகக் கனன்றுகொண்டு வெள்ளையாக, தடிப்பாக, கண்ணைக் கரிக்கும் புகையை விடும். புகையிலைக்குப் புகை போடுகிறவர்கள் இந்த இரண்டாவது வகை நெருப்பைத்தான் வேண்டுமென்றே மூட்டுகிறார்கள்.

காட்டிலும் நடப்பது இதுதான். மர உச்சிகளில் பற்றிச் சுவாலைவிட்டு எரியும் தீயில் கறுப்புக் காபன், அதாவது கரி, கூடுதலாக இருக்கும். ஈரமான அடிமரமும் மண்ணுக்குள் இருக்கும் உக்கலும் கனலும்போது வெளிறிய கரிமச் சேர்வைகளும் காபனோரொட்சைட்டும் கூடுதலாக வரும். ஒரே காட்டுத்தீயில் காலையில் ஒன்றும் மத்தியானத்தில் மற்றதும் மேலோங்கலாம். எரியும் எண்ணெயின் புகை அநேகமாகக் கன்னங்கரேல் என்றிருக்கும்.

எந்த வகையானாலும் துகள்கள் மிகச் சிறியவை. பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீற்றரிலும் குறைந்தவை. தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 50 முதல் 70 மைக்ரோமீற்றர். இவ்வளவு சிறியதாக இருப்பதால்தான் அவை தாமாக நிலத்தில் வந்து படிவதில்லை. மழை கழுவும் வரைக்கும் காற்றோடு போகும். துகளோடு வாயுக்களும் வரும்: காபனீரொட்சைட்டு, மெதேன், நைதரசன் ஒட்சைட்டுகள். இந்த நைதரசன் ஒட்சைட்டுகளும் எரியாத கரிம ஆவிகளும் வெயிலில் தாக்கமடைந்து நிலமட்டத்தில் ஓசோனை உண்டாக்கும். நெருப்பிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தள்ளி, புகை மணமே தெரியாத ஊரிலும் இந்த ஓசோன் கூடலாம். மேலே இருந்தால் நம்மைக் காக்கும் வாயு, மூக்கருகில் வந்தால் நுரையீரலை அரிக்கும்.

இனி வெயில். வெளிறிய துகள்கள் ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கின்றன. அதில் ஒரு பங்கு திரும்பி விண்வெளிக்கே போய்விடுகிறது, ஆகவே நிலத்துக்கு வரும் சூடு குறைகிறது. நீலம் கூடுதலாகச் சிதறுவதால் மிஞ்சிய ஒளி செம்மஞ்சளாகத் தெரியும். 2023 ஜூனில் கனடாவின் காட்டுத்தீப் புகையால் நியூயோர்க் வானம் செம்மஞ்சளானதற்கும், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிற நம்மவர்கள் மங்கிய சிவப்புச் சூரியனைப் படமெடுத்து அனுப்பியதற்கும் காரணம் அதுதான். துகள்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரு மைக்ரோமீற்றர் என்ற ஒரே அளவில் அமைந்துவிட்டால் இது தலைகீழாகும்: சிவப்புச் சிதறி நீலம் மிஞ்சும். 1950இல் கனடாவின் சிஞ்சாகா காட்டுத்தீயின் புகை அத்திலாந்திக்கைத் தாண்டிப் போனபோது, ஸ்கொட்லாந்து மக்கள் நீலச் சூரியனைக் கண்டார்கள்.

புகையால் வரும் குளிர்ச்சி சில இடங்களில் நம்பமுடியாத அளவு பெரிது. 1987 செப்டெம்பரில் வட கலிபோர்னியாவின் கிளமத் ஆற்றுப் பள்ளத்தாக்கில் காட்டுத்தீயின் புகை அடைபட்டுக் கிடந்தது. அங்கே பகல் வெப்பநிலை ஒரு வாரம் வழமையைவிட 15 பாகை செல்சியசுக்கும் மேலாகக் குறைந்திருந்தது. மூன்று வாரங்களுக்கு 5 பாகைக்கு மேல் குறைவு.

கரித்துகளின் குணம் வேறு. அது வெயிலைத் திருப்பி அனுப்பாது, விழுங்கும். விழுங்கிய சூட்டைத் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்குக் கொடுக்கும். ஆகவே கரிப்புகை படர்ந்த இடத்தில் நிலம் குளிர, மேலே அந்தக் காற்றுப் படை சூடேறும். சாதாரண நாளில் கீழே சூடான காற்று மேலே எழும்பி, அழுக்கைக் கலைத்து, முகிலையும் உண்டாக்கும். கீழே குளிரும் மேலே சூடுமாகிவிட்டால் அது எழும்பாது. சட்டிக்கு மூடி போட்டதுபோல் புகை அதே இடத்தில் கிடக்கும். கிளமத் பள்ளத்தாக்கிலும் இப்படியொரு மூடிதான் புகையை வெளியே போக விடாமல் வைத்திருந்தது.

புகைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். கடல் கருநிறம், அதன் மேல் வெளிறிய புகை போனால் மேலிருந்து பார்க்க அந்த இடம் வெளுக்கும், கூடுதல் ஒளி திரும்பும், குளிரும். அதே புகை வெண்முகிலுக்கு மேல் போனால் வெள்ளையைக் கறுப்பாக்கும், சூடேறும். ஆபிரிக்கக் கண்டத்தின் தென்பகுதிப் புல்வெளித் தீப்புகை ஆண்டுதோறும் அத்திலாந்திக் கடலின் முகில் படைக்கு மேலே போய் நிற்பது இந்த வகை. பனிக்கட்டியில் கரி விழுந்தாலும் அப்படித்தான்: புதுப்பனி தன்மீது விழும் ஒளியில் எண்பது வீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும், கரி படிந்தால் அது குறைந்து உருகல் வேகமாகும். இமயமலையில் இது சின்ன விடயம் அல்ல.

எவ்வளவு உயரம்?

சாதாரணக் காட்டுத்தீயின் புகை நிலத்திலிருந்து சில கிலோமீற்றர் வரை ஏறும். முகிலும் மழையும் இருக்கும் பகுதி அது. ஆகவே சில நாட்களில், அதிகம் போனால் ஓரிரு வாரங்களில், மழை கழுவிவிடும். எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் இந்தப் புகை உலகக் காலநிலையை வருடக்கணக்காக மாற்றாது.

1991இல் குவைத்தில் இது கண்ணுக்கு முன்னால் நடந்தது. வளைகுடாப் போரின் முடிவில் ஈராக்கியப் படைகள் 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தன. கடைசிக் கிணறு அணைந்தது நவம்பரில். அந்தப் புகை தென்னாசியாவின் பருவமழையைக் குலைக்கும் என்று அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகன் எச்சரித்திருந்தார். புகைக்குக் கீழே பகலே இருண்டது, வெப்பநிலை நன்றாக விழுந்தது. ஆனால் புகை ஏறக்குறைய ஆறு கிலோமீற்றருக்கு மேல் போகவில்லை. சிதறி எரிந்த கிணறுகள் ஒன்றுசேர்ந்து பெரும் தீப்புயலாகாததால் மேலே தள்ளும் வலு போதவில்லை. மழை கழுவியது, உலகக் காலநிலை அசையவில்லை.

புகை மழைக்கு எட்டாத உயரத்துக்குப் போனால் கதை வேறு. நாம் வாழும், முகில் திரளும் மாறன் மண்டலம் வெப்பவலயத்தில் 16, 17 கிலோமீற்றர் வரையும், குளிர்நாடுகளில் 10, 12 கிலோமீற்றர் வரையும் இருக்கும். அதற்கு மேலே படைமண்டலம். அங்கே மழை இல்லை. அங்கே போன துகள் மாதக்கணக்கில், சில வேளை வருடத்துக்கும் மேலாக, நிற்கும்.

அவ்வளவு உயரத்துக்குப் புகையை யார் தூக்குவது? நெருப்பேதான். மிகக் கடுமையான காட்டுத்தீ தனக்கு மேலே தானே இடிமுகிலைக் கட்டிக்கொள்ளும். இதைத் தீ முகில் என்று சொல்லலாம். சூடான காற்றும் எரியும் மரங்களிலிருந்து வரும் நீராவியும் மேலெழுந்து, குளிர்ந்து, திரண்டு, இன்னும் வேகமாக மேலெழும். அதில் மின்னலும் இருக்கும், அந்த மின்னல் தொலைவில் புதுத் தீயையும் மூட்டும். ஆனால் மழை அநேகமாக வராது. காரணத்தை முகிலைப் பற்றிச் சொல்லும்போது பார்ப்போம்.

2017 ஓகஸ்டில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இப்படி எழுந்த முகில்கள் சுமார் மூன்று இலட்சம் தொன் புகையைப் படைமண்டலத்தின் அடிக்குக் கொண்டுபோய்ப் போட்டன. அதன் பிறகு நடந்ததுதான் விஞ்ஞானிகளைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 12 கிலோமீற்றரில் இருந்த புகை இரண்டு மாதங்களுக்குள் 23 கிலோமீற்றருக்கு ஏறியிருந்தது. கீழே நெருப்பு இல்லை, யாரும் தள்ளவும் இல்லை. கரித்துகள் வெயிலை விழுங்கித் தன்னைச் சுற்றிய காற்றைச் சூடாக்க, சூடான காற்று புகையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மேலே போயிருக்கிறது. எட்டு மாதங்கள் வரை செய்மதிகளுக்கு அது தெரிந்தது.

அடுத்தது அவுஸ்திரேலியா. 2019இன் முடிவிலும் 2020இன் தொடக்கத்திலும், புத்தாண்டை ஒட்டிய சில நாட்களில், தென்கிழக்குக் கரையில் எழுந்த தீ முகில்கள் ஏறத்தாழ ஒரு மில்லியன் தொன் புகையை மேலே ஏற்றின. அதில் ஒரு பகுதி சுமார் 1000 கிலோமீற்றர் அகலமான சுழியாகச் சுருண்டு, வாரக்கணக்காகக் கலையாமல் பூமியைச் சுற்றி, 35 கிலோமீற்றர் உயரம் வரை போனது. தென் அரைக்கோளத்தின் கீழ்ப் படைமண்டலம் மாதக்கணக்காக ஏறக்குறைய ஒரு பாகை சூடேறியது. ஓசோனும் தப்பவில்லை. பழைய குளிரூட்டி வாயுக்களிலிருந்து வந்து பாதிப்பில்லாமல் கிடந்த குளோரினை, புகைத்துகளின் மேற்பரப்பு மறுபடி தூண்டிவிட்டது. வளிமண்டல விஞ்ஞானி சூசன் சொலமனும் கூட்டாளிகளும் கணித்தபடி 2020இல் தென் நடு அகலாங்குகளில் 3 முதல் 5 வீத ஓசோன் இதனால் குறைந்தது. கீழே விழுந்த புகைத்துகளில் இருந்த இரும்புச்சத்து தென் சமுத்திரத்தில் பெரும் பரப்பில் பாசிப் பெருக்கத்தை உண்டாக்கியது தனிக்கதை.

இத்தனைக்கும் அந்தப் புகையால் நிலமட்டத்தில் வந்த குளிர்ச்சி சிறிது. 1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை 15 மில்லியன் தொன்னுக்கும் மேலான கந்தகவீரொட்சைட்டை மேலே அனுப்பி, அடுத்த வருடம் உலக வெப்பநிலையை ஏறத்தாழ அரைப் பாகை இறக்கியது. ஒரு மில்லியன் தொன் புகை அந்த அளவுக்குப் பக்கத்தில் இல்லை.

நகரங்கள் எரிந்தால் அந்த அளவுக்குப் போகலாம். 1982இல் வளிமண்டல விஞ்ஞானிகள் போல் குறூட்சனும் ஜோன் பேர்க்ஸும், அணுப்போரில் எரியும் நகரங்களும் காடுகளும் எழுப்பும் புகை பூமியை இருளச் செய்யும் என்று எழுதினார்கள். அடுத்த வருடம் சேகனும் மற்றவர்களும் அதை அணுக் குளிர்காலமாக விரித்தார்கள். குவைத்துக்குப் பிறகு பலர் அதைப் பொய்த்த பூச்சாண்டி என்று ஒதுக்கினார்கள். அது அவசர முடிவு என்பது என் எண்ணம். குவைத் காட்டியது, புகை மேலே போகாவிட்டால் ஒன்றும் நடக்காது என்பதை மட்டும். போனால் தானாக இன்னும் ஏறும் என்ற கணிப்பின் மற்றப் பாதியைக் கனடாவும் அவுஸ்திரேலியாவும் உண்மையாக்கின. இந்தியாவும் பாகிஸ்தானும் ஹிரோஷிமா அளவிலான நூறு குண்டுகளை ஒன்றன் நகரங்கள் மீது மற்றது போட்டால் ஐந்து மில்லியன் தொன் கரி மேலே போகலாம், உலகச் சராசரி 1.25 பாகை விழலாம், அது வருடக்கணக்காக நிற்கலாம் என்று 2007இல் காலநிலை விஞ்ஞானி அலன் றொபொக் குழுவினர் மாதிரிக் கணக்கில் காட்டினார்கள். பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு அது யாரோ இரண்டு பேரின் சண்டை அல்ல.

வாடையோடு வரும் புகை

நம்முடைய கடலின் மேலே நடந்ததற்கு வருவோம். 1999இன் முதல் மாதங்களில் பல நாட்டு விஞ்ஞானிகள் மாலைதீவைத் தளமாக வைத்துக் கப்பல், விமானம், செய்மதி எல்லாவற்றாலும் இந்து சமுத்திரத்தின் காற்றை அளந்தார்கள். இன்டோயெக்ஸ் என்பது அந்த ஆய்வின் பெயர். தலைமை தாங்கியவர்கள் குறூட்சனும், சென்னையில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீ. ராமநாதனும். நிலத்திலிருந்து ஆயிரம் கிலோமீற்றர் தள்ளிய கடலின் மேல் தெளிந்த காற்றைத்தான் எதிர்பார்க்க வேண்டும். அவர்கள் கண்டதோ மூன்று கிலோமீற்றர் வரை தடித்த கபில நிற மூட்டம். விறகு, சாணம், வயல் தீ, டீசல், நிலக்கரி என எல்லாவற்றின் புகையும் சேர்ந்தது. அதற்குக் கீழே கடலுக்குக் கிடைக்கும் வெயில் சில இடங்களில் பத்து வீதம் வரை குறைந்திருந்தது.

இது வருடம் முழுவதும் இல்லை. வாடைக்காற்று வீசும் மாரியிலும் அதன் பின்னான மாதங்களிலும் காற்று கண்டத்திலிருந்து கடலுக்குப் போகும், புகையும் கூடவே போகும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று தொடங்கினால் தென் இந்து சமுத்திரத்துக் காற்று வந்து எல்லாவற்றையும் தள்ளிவிடும். ஆனி ஆடியில் யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலோரம் நின்றால் தீவுகள் கூர்மையாகத் தெரிவதும், தை மாசியில் அதே தீவுகள் மங்கித் தெரிவதும் பல நாட்களில் இந்தக் காற்று மாற்றத்தால்தான்.

மூட்டம் மழையை என்ன செய்யும்? ஒவ்வொரு முகில் துளியும் ஒரு தூசைப் பற்றிக்கொண்டுதான் உருவாகும். ஒரு மழைத்துளிக்கு ஏறத்தாழ ஒரு மில்லியன் முகில் துளிகள் ஒன்றுசேர வேண்டும். புகை வந்தால் பற்றிக்கொள்ளத் துகள்கள் ஏராளம். அதே நீராவி கூடுதல் துளிகளாகப் பங்கு பிரிந்து, ஒவ்வொன்றும் சின்னதாகிவிடும். சின்னத் துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சேராது, மழை தாமதமாகும் அல்லது அந்த இடத்தில் பெய்யாமலே போகும். தீ முகிலில் மழை அரிதாவதற்கும் இதுதான் காரணம். அதே வேளையில் சின்னத் துளிகள் நிறைந்த முகில் கூடுதல் வெண்மையாக இருந்து வெயிலைத் திருப்பும். இதற்கு நேர்மாறான வேலையும் உண்டு: முகில் மட்டத்தில் கரி இருந்தால் அது காற்றைச் சூடாக்கி முகிலையே உலர்த்திவிடும். இந்து சமுத்திரத்தின் சிறு முகில்களில் இது நடக்கக்கூடும் என்று இன்டோயெக்ஸ் அளவீடுகளை வைத்துக் காட்டினார்கள். ஒரே புகை ஓரிடத்தில் முகிலை நீடிக்கச் செய்து மற்ற இடத்தில் கலைக்கிறது. காலநிலைக் கணக்கில் இன்றைக்கும் அதிகம் இழுபறிப்படும் பகுதி இந்த முகில் விவகாரம்தான்.

கடல் குளிர்ந்தால் ஆவியாகும் நீரும் குறையும். வட இந்து சமுத்திரம் புகைக்குக் கீழே மற்றக் கடலளவு சூடாகாததால், பருவக்காற்றை இழுக்கும் வெப்ப வித்தியாசம் பலவீனமாகிறது என்று ராமநாதன் குழுவினர் 2005இல் எழுதினார்கள். ஆறில்லாத, சுண்ணக்கல் கிணறுகளை ஐப்பசி முதல் மார்கழி வரையான மழையால் பெரும்பாலும் நிரப்பும் யாழ் குடாநாட்டுக்கு இந்த வாதம் கவனிக்க வேண்டியது. அதற்காக மழை பொய்த்த வருடத்தையெல்லாம் புகையின் தலையில் கட்ட முடியாது. பசிபிக் கடல் சில வருடங்களில் வழமைக்கு மேல் சூடாகும் எல் நினோவும் இந்து சமுத்திர வெப்பநிலையும் அதைவிட வலிய கைகள். இதில் ஒரு வேடிக்கை: இந்தோனேசியாவை வறட்டித் தீப்பிடிக்க வைக்கும் எல் நினோ, நமக்குப் பெரும்பாலும் மாரிமழையைக் கூட்டித்தான் கொடுக்கும்.

கலைந்த பிறகு மிஞ்சுவது

துகள் சில நாளில் போய்விடும், காபனீரொட்சைட்டு போகாது. அதனால்தான் எத்தனை காலத்துக்குக் கணக்கு என்று ஆரம்பத்தில் சொன்னேன். புகை நின்ற வாரத்தில் குளிர்வித்த தீ, பிறகு பல தசாப்தங்களுக்குச் சூடாக்கலாம். உலகெங்கும் நிலத்தில் எரியும் தீ ஆண்டுக்குச் சுமார் இரண்டு பில்லியன் தொன் காபனை வெளியிடுகிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் ஏறத்தாழ பத்து பில்லியன்.

தீ விடும் அந்த இரண்டு பில்லியனும் முழுக்க நட்டமல்ல. புல்வெளி எரிந்தால் அடுத்த மழைக்கு முளைத்து, விட்ட காபனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். வளவில் எரியும் காவோலையும் பூமியின் கணக்கில் அப்படித்தான், பக்கத்து வீட்டாரின் மூச்சுக்கு அது ஆறுதல் இல்லை என்றாலும். காடு திரும்ப வளரப் பல பத்து வருடங்கள் வேண்டும். மோசமானது முற்றா நிலக்கரி நிலம்: சதுப்பில் விழுந்த இலையும் மரமும் உக்காமல் ஆயிரக்கணக்கான வருடங்களாக மீற்றர் கணக்கில் சேர்ந்த மண். இந்தோனேசியாவில் அதை வாய்க்கால் வெட்டி வடித்து உலர்த்தியபின், 1997இல் எல் நினோ வறட்சி வந்தது. அந்த வருடம் அங்கே எரிந்த காபன், உலகின் ஒரு வருட எரிபொருள் வெளியீட்டில் 13 முதல் 40 வீதத்துக்குச் சமம் என்று கணித்திருக்கிறார்கள். அது திரும்பச் சேர நம் பேரப்பிள்ளைகளின் காலம் போதாது.

2023இல் கனடாவில் ஏறத்தாழ 15 மில்லியன் ஹெக்டேயர் காடு எரிந்தது. இலங்கையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ரொறன்ரோவில் புகை சில நாட்களில் கலைந்தது. வெளியான காபனோ சுமார் 650 மில்லியன் தொன்: சீனா, அமெரிக்கா, இந்தியா தவிர வேறெந்த நாடும் ஒரு வருடத்தில் எரிபொருளால் அவ்வளவு வெளியிடுவதில்லை. கனடாவின் வெளியீட்டு இலக்குக்கான கணக்கில் இது சேராது. காட்டுத்தீ இயற்கையான குழப்பம் என்று தனி நிரலில் வைக்கப்படுகிறது.